கானான் தேசமும் கடைமடைக் கழனியும்

எங்கள் வீட்டில் கழனிகளுக்கு மனிதர்களின் பேர்தான். பத்திரத்தில் சர்வே எண் இருக்கும், கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் புத்தகத்தில் வேறு ஏதாவது எழுதியிருக்கும். அதையெல்லாம் யாரும் வாயால் சொல்வதில்லை. பெரியப்பன் கழனியில் நடவு, அத்தை கொல்லையில் மல்லாட்டைக் கடலை பிடுங்க வேண்டும் என்றுதான் பேச்சு. அந்தப் பெரியப்பன் செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அந்த அத்தை எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள் என்றுகூட இப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆட்கள் போய்விட்டார்கள், பேர் மட்டும் மண்ணில் நிற்கிறது.

நான் மருமகளாக வந்தபோது மதகை ஒட்டிய கழனிக்குப் ‘பாப்பா கழனி’ என்று பேர். பாப்பா என்பது என் கணவரின் அண்ணன் மகள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. ஏரி மதகைத் திறந்தால் தண்ணீர் முதலில் பாய்வது அங்கேதான். சித்திரை வெயிலிலும் அந்த வரப்போரம் புல் பச்சையாக இருக்கும். என் பிறந்த வீடு குருவிநத்தம் பக்கம், ஆற்றோரம். அங்கே என் அப்பா கரும்பு போட்ட கொல்லையைக் கரும்புக் கொல்லை என்றுதான் சொல்வார். ஐந்து வயதுப் பெண் பேரில் ஒரு வயல் இருப்பது எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது.

எனக்கு மகன் பிறந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

விடிந்ததும் என் மாமனார் வாயில் வேப்பங்குச்சியோடு கிணற்றடியில் நின்று தன் மூத்த மகனைக் கேட்பார்: “பாப்பா கழனிக்குத் தண்ணி பாஞ்சிச்சாடா?”

அடுப்பில் பால் வைத்துவிட்டு நான் பொங்கிவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தக் கேள்வி தினமும் அடுப்பங்கரைவரைக்கும் வரும். என் மகனுக்கு ஞானஸ்நானம் ஆன நாளிலிருந்து நான் காத்திருந்தேன். இந்த வீட்டில் பிள்ளை பிறந்தால் ஒரு கழனிக்கு அந்தப் பேர் வரும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். பெண்பிள்ளைக்கே மதகடி என்றால் என் பிள்ளைக்கு என்ன இருக்காது? ஒரு வருஷம் போனது. இரண்டு போனது. அவன் நடந்தான், ஓடினான், பேசினான். ஒரு நாள் வரப்பில் என் விரலைப் பிடித்துக்கொண்டு, “அக்கா கழனி இது. என்னுது எங்க, அம்மா?” என்று கேட்டான். “அங்க இருக்கு” என்று எங்கேயோ கையைக் காட்டினேன். அவன் அந்தப் பக்கம் திரும்பி நம்பிக்கையோடு பார்த்தான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கணவரிடம் சொன்னேன். அவர் புதுச்சேரியில் மில்லில் வேலை. ஷிப்டு முடிந்து சைக்கிளில் வந்து பாயில் சாய்ந்திருந்தார்.

“ஏங்க, தம்பிக்கு உங்கப்பா எந்தக் கழனியச் சொல்லுவாரு?”

“பேரு வச்சா நெல்லு ஜாஸ்தி வெளையுமா?”

“பாப்பாவுக்கு வச்சாரே.”

“அத அவரப் போயி கேளு.”

“நான் எப்டிங்க கேக்கறது?”

“அப்ப கேக்காத” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

என் ஓரகத்தியை, அதாவது பாப்பாவின் அம்மாவை, நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் கன்னியாஸ்திரிகள் பள்ளியில் பத்தாவது முடித்தவள். ஆனால் இந்த வீட்டில் அதற்கு எந்த மதிப்பும் இல்லை என்பது வந்த ஒரே மாதத்தில் தெரிந்துவிட்டது. மாமனார் தண்ணீர் கேட்டால் அக்கா பேரைச் சொல்லித்தான் கேட்பார். மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டை எடுத்துப் பாப்பா தட்டில் வைப்பார். என் மகன் தட்டில் வைக்காதது அவன் முள்ளுக்குப் பயந்து அழுவான் என்பதால்தான், அது எனக்கும் தெரியும். தெரிந்தும் அந்தத் துண்டு எந்தத் தட்டுக்குப் போகிறது என்று ஒவ்வொரு முறையும் பார்த்தேன். அக்கா குனிந்து வாசல் பெருக்கும்போது பின்னால் நின்று, இந்த அம்மாவிடம் அப்படி என்ன இருக்கிறது என்று யோசித்திருக்கிறேன். பிறகு இப்படி நினைப்பது பாவம் என்று பயந்து, அன்றைக்கு அவருடைய துணியையும் சேர்த்துத் துவைத்துப் போடுவேன்.

நான் வந்த முதல் வருஷம் நடந்த ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். கல்யாணமாகிச் சில வாரங்களில் குருத்து ஞாயிறு வந்தது. பூசையில் மந்திரித்துக் கொடுத்த ஓலையை அக்கா வருஷா வருஷம் செய்வதுபோலச் சின்னச் சிலுவையாகப் பின்னினார். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாப்பா கழனியின் மூலையில் கணுக்கால் சேற்றில் இறங்கி அதை நட்டார். எங்கள் பள்ளியில் மந்திரித்த பொருள் தரையில் விழுந்தால் எடுத்து முத்தம் கொடுக்கச் சொல்லித் தருவார்கள். எனக்குப் பதறியது.

“இன்னாக்கா இது? மந்திரிச்ச ஓலையப் போயி சேத்துல நடுறீங்க? பாவமில்லியா?”

“சேத்துல நட்டாதான்டி மொளைக்கும்” என்று அக்கா சிரித்தார்.

வரப்பில் மாமனார் நின்றுகொண்டிருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு போய்விட்டார். சரியாகச் சொன்னோம் என்று நானும் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் மகனுக்கு இரண்டரை வயதானபோது கோவில் திருவிழா வந்தது. மாமனார் தினமும் குடிக்கிறவர் இல்லை. ஆனால் திருவிழா என்றால் அவருக்குக் கொடி இறக்கிய மறுநாளும் திருவிழாதான். அந்த நாட்களில் எங்கள் ஊர்ச் சாராயக் கடையில் கூட்டம் தாங்காது. தமிழ்நாட்டு எல்லையிலிருந்து வேறு சைக்கிள் சைக்கிளாக வந்து இறங்குவார்கள். அன்று காலையிலேயே அவர் போய்விட்டார். மத்தியானம் பாப்பா கழனி மோட்டார் கொட்டகையில் படுத்திருப்பதாக யாரோ சொன்னார்கள். அக்கா தெருக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். சோற்றுத் தூக்கை நான் எடுத்துப் போனேன்.

கொட்டகைக் கதவு திறந்திருந்தது. மாமனார் மல்லாந்து கிடந்தார். வேட்டி அவிழ்ந்து ஒரு பக்கம் கிடந்தது. நான் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு தூக்கை வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் அவருடைய துண்டு தொங்கியது. கையெட்டும் தூரம்தான். இதைப் பிறகு பல முறை நினைத்துப் பார்த்தேன். அப்போது நினைக்கவில்லை.

வரப்பில் திரும்பி நடக்கும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அதை மறைத்து எழுதினால் இதை எழுதுவதிலேயே அர்த்தமில்லை. ஊரெல்லாம் மதிக்கிற மனிதர், என் பிள்ளைக்கு ஒரு பேர் கொடுக்காத மனிதர், பாப்பா கழனியில் அந்தக் கோலத்தில் கிடந்தார். குழாயடியில் அக்காவோடு நான்கைந்து பெண்கள் நின்றார்கள். நேராக அங்கே போனேன்.

“அக்கா, உங்க மவ கழனி இந்த வருஷம் நல்லா வெளைஞ்சிருக்கு. போயி பாருங்க. உங்க மாமனாரு ஒரு பக்கம், அவரு வேட்டி ஒரு பக்கம்.”

“அடிப்பாவி, கண்ணால பாத்தியா?” என்றாள் ஒருத்தி.

“பாக்காம? பட்டப்பகல்ல தனியா திருவிழா நடத்திகினு கெடக்குறாரு.”

எல்லாரும் சிரித்தார்கள். இந்த ஊருக்கு வந்து நான் சொன்ன ஒன்றுக்கு இத்தனை பேர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

“கொடத்தப் பாத்துக்க” என்று என்னிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த துப்பட்டிப் போர்வையை உருவிக்கொண்டு கழனிப் பக்கம் நடந்தார்.

குடத்தை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு நானும் பின்னாலேயே போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. அவர் முகம் சுளிப்பதைப் பார்க்க நினைத்திருக்கலாம். தூரத்து வரப்பில் நின்று பார்த்தேன். அக்கா கொட்டகை வாசலில் முகத்தைக் கழனிப் பக்கம் திருப்பிக்கொண்டார். காலால் தரையைத் துழாவியபடி பக்கவாட்டில் உள்ளே போய், துப்பட்டியை விரித்துப் போட்டுவிட்டு வந்தார். பிறகு வாசலுக்கு முதுகைக் காட்டி வெயிலில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே அசைவு கேட்டிருக்க வேண்டும். “மாமா, சோறு ஆறிப்போவுது” என்று திரும்பாமலே குரல் கொடுத்தார்.

அப்போதும் எனக்கு வெட்கம் வரவில்லை. இதிலும் இந்த அம்மாதான் நல்ல பேர் வாங்கப் போகிறாள் என்றுதான் தோன்றியது.

அதற்குப் பிறகு மாமனார் என்னோடு பேசவில்லை. முன்பும் நிறையப் பேசியவர் இல்லை. ஆனால் சாயங்காலக் காப்பியை நான் கொண்டுபோய் வைத்தால் “வச்சிட்டியாம்மா” என்பார். இப்போது நான் வருவதற்குள் அவரே அடுப்பங்கரை வாசலுக்கு வந்து டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார், தலையைத் தூக்காமல். யாரோ சொல்லிவிட்டார்கள் என்று புரிந்தது. இனி என் பிள்ளைக்குக் கழனியும் இல்லை, பேரும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித் தரும் வேலையை எனக்குக் கொடுத்திருந்தார். ஊரில் எனக்கென்று இருந்த ஒரே மரியாதை அதுதான். சாமியார் கொடுத்த சின்னப் புத்தகத்தில் நோவே, பேழை, வானவில், அடுத்து பாபேல் கோபுரம் என்று இருந்தது. எதையும் அரைகுறையாகச் செய்தால் எனக்குத் தூக்கம் வராது. அதனால் சாமியாரிடம் பெரிய பைபிளை இரவல் வாங்கி வந்தேன். வீட்டில் பைபிள் வைத்துப் படிப்பது எங்கள் பக்கத்தில் அப்போதுதான் பழக்கமாகிக்கொண்டிருந்தது. பிரிவினைக்காரர், அதாவது புராட்டஸ்டண்டுகள், புத்தகம் என்று சொல்கிற பெரியவர்கள் இன்னும் இருந்தார்கள்.

ஒரு மத்தியானம் மகனைத் தூளியில் போட்டு, காலால் ஆட்டிக்கொண்டே படித்தேன். வானவில்லுக்கும் கோபுரத்துக்கும் நடுவில் சின்னப் புத்தகம் தாண்டிப் போயிருந்த சில வரிகள் இருந்தன. நோவே திராட்சைத் தோட்டம் போட்டார். ரசம் குடித்து மயங்கித் தன் கூடாரத்தில் துணியில்லாமல் கிடந்தார். காம் என்ற மகன் பார்த்தான். வெளியே போய் மற்ற இரண்டு பேரிடம் சொன்னான். அந்த இரண்டு பேரும் ஒரு போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு தகப்பனை மூடினார்கள்.

தூளி நின்றுவிட்டது. பிள்ளை முனகினான். மறுபடி ஆட்டிக்கொண்டே மேலே படித்தேன். நோவேக்கு மயக்கம் தெளிகிறது, விஷயம் தெரிகிறது. சாபம் விடுகிறார். காம்மேல் விடவில்லை. காம்மின் பிள்ளை கானான்மேல் விடுகிறார். அவன் தன் சகோதரர்களுக்குக் கடைசி அடிமையாக இருப்பானாம்.

என் மகனின் உச்சந்தலையில் நான்கு நாளாக ஒரு கட்டி இருந்தது. காலையில் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோயிருந்தேன். கம்பவுண்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, “வேனக்கட்டிம்மா. மாம்பழம் குடுத்தியா?” என்றார். குடுத்தேன் என்றேன். “அப்ப மாம்பழத்தத் திட்டு” என்று களிம்பு தடவி அனுப்பினார். காலையில் அதை நம்பினேன். இந்த வரிகளைப் படித்த பிறகு மாம்பழத்தில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. தப்பு செய்தவன் ஒருவன், சாபம் வாங்கியது அவன் பிள்ளை. பார்த்தது நான், போய்ச் சொன்னது நான். தூளியில் தலையில் கட்டியோடு கிடப்பது இவன்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மாமனாரை நாலு பேருக்கு முன்னால் அவமானப்படுத்தினேன், ஓரகத்திமேல் பொறாமைப்படுகிறேன் என்று சொன்னேன். சாமியார் மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். நான் எழுந்திருக்கவில்லை.

“இன்னும் இன்னாம்மா?”

“சாமி, அது எம்புள்ள மேல விழுமா?”

“எது?”

“சாபம் சாமி.”

“உன் மாமனாரு சாபம் விட்டாரா?”

“இல்ல சாமி. பேச மாட்டேங்கறாரு.”

“அப்ப விடாத சாபம் எப்டிம்மா விழும்? பின்னால ஆளுங்க நிக்கறாங்க, எழுந்திரு.”

மூன்றுக்குப் பதிலாக முப்பது மந்திரம் சொன்னேன். எண்ணிக்கையில் சந்தேகம் வந்து திரும்பவும் சொன்னேன். மனம் ஆறவில்லை. வாயைத் திறந்து விட்ட சாபமாவது ஒரு வாக்கியத்தோடு முடிந்துவிடும், பேசாமல் இருப்பது எதுவரைக்கும் போகும் என்று யாருக்குத் தெரியும்?

மறுநாள் ஞானோபதேசம். கோவில் நடையில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பாப்பா எப்போதும்போல முதல் வரிசையில் இருந்தாள். அக்கா அவளைக் கூட்டிப் போக வந்து, தூணோரம் என் மகனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவன் என் மடியைவிட அங்கே அமைதியாக இருந்தான். அதையும் பார்த்தேன். சின்னப் புத்தகம் போலத் தாண்டிப் போய்விடலாம் என்று இருந்தது. தாண்டினால் மாமனாரை மூடுவது ஆகுமா, என்னை மூடுவது ஆகுமா என்று யோசித்துக்கொண்டே வானவில்வரைக்கும் வந்துவிட்டேன். பிறகு பிள்ளைகளுக்குத் தகுந்த மாதிரி முழுவதையும் சொல்லிவிட்டேன். அக்கா முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன்.

பாப்பா கையைத் தூக்கினாள். “சித்தி, அந்தக் கானான் ஒண்ணுமே பண்ணலியே. அவனுக்கு ஏன் சாபம்?”

“அப்படித்தான் எழுதியிருக்கு.”

“அவன் அப்புறம் இன்னா ஆனான்?”

அது எனக்குத் தெரியும். படித்துத் தயாராக வந்திருந்தேன். “அவனுக்குப் பிள்ளைங்க பொறந்தாங்க. அவங்க போய்க் குடியிருந்த சீமைக்கு அவன் பேரே வந்திடுச்சி. கானான் தேசம்னு.”

“சாமியாரு சொல்லுவாரே, பாலும் தேனும் ஓடற ஊரு. அபிரகாம் போனாரே, அதுவா?”

“அதேதான்.”

தூணோரத்திலிருந்து அக்கா குரல் வந்தது. “இரு, இரு. சாபம் வாங்கின புள்ள பேரா அந்த ஊருக்கு?”

“ஆமாக்கா.”

“சாபம் வுட்ட பெரியவரு பேர்ல ஊரு இல்லியா?”

“எனக்குத் தெரிஞ்சி இல்லக்கா.”

“ஆண்டவரு குடுத்த ஊராச்சே. அவராவது நல்ல பேரா மாத்தக் கூடாதா?”

“பின்னாடி வேற பேரும் வந்திச்சி. ஆனா அவரு அபிரகாமுக்குக் காட்டினப்போ இந்தப் பேருதான்.”

“நம்ம வூட்டுக் கழனியாட்டம்” என்றார் அக்கா. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் வாயை மட்டும் அசைத்தேன். சொல்லிக் கொடுத்தவள் நான், ஆனால் அந்தப் பக்கத்தை எத்தனையோ முறை படித்தும் எனக்கு இது தோன்றியிருக்கவில்லை. நான் சாபத்திலேயே நின்றுவிட்டிருந்தேன். அக்கா கேட்டுக்கொண்டே மேலே போய்விட்டார். எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, இதையும் இவர்தான் சொல்ல வேண்டுமா என்று எரிச்சலாகவும் இருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது பாப்பா தம்பியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினாள். அக்கா கேட்டார்: “ஏன்டி, அந்தக் கானானுக்கு எவ ஓலை நட்டா?”

“எந்த ஓலை?”

“குருத்தோலைதான். ஆத்தாகாரி நட்டாதான பேரு வரும்?”

நான் நின்றுவிட்டேன். “இன்னாக்கா சொல்றீங்க?”

“இன்னா சொல்றீங்களா? புள்ளயோட போயி பெத்தவ கையால ஓலைச் சிலுவைய நடணும். அப்புறந்தான் பெரியவங்க அந்தக் கழனிய அந்தப் பேர்ல கூப்புடுவாங்க. பாப்பாவுக்கு அவ பொறந்த வருஷமே நானு நட்டேன். உன் புள்ளைக்குத்தான் நீ மாட்டேன்னுட்டியே.”

“நானா? எப்ப?”

“வந்த வருஷமே. சேத்துல நடலாமா, பாவமில்லியான்னு கேட்டியே. மாமா அன்னிக்கே சொல்லிட்டாரு. அது கன்னியாஸ்திரிங்ககிட்ட படிச்ச பொண்ணு, அதும்மேல இத திணிக்காதீங்க, அதுக்கா தோணினா நடட்டும்னாரு. ஒவ்வொரு குருத்து ஞாயித்துக்கும் வரப்புல நின்னு பாப்பாரு. நீ ஓலைய சாமி படத்துல சொருகி வச்சிட்டு ஒக்காந்துடுவ.”

வெயில் சுட்டது. நிழலில் போய் நிற்கவும் தோன்றவில்லை. இத்தனை நாள் அவர் கொடுப்பார் என்று நான் காத்திருந்தேன். நான் நடுவேன் என்று அவர் காத்திருந்திருக்கிறார். நடுவில் நின்றது நான் வாங்கிய பத்தாம் வகுப்பு.

“ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?”

“படிச்சவளுக்கு நான் இன்னாத்தச் சொல்றது?” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் குத்தியது.

கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டேன். “அன்னிக்கு குழாயடியில நான் பேசினது மாமாவுக்குத் தெரியுமா?”

“தெரியாம? ஊரே சிரிச்சிது.”

“இன்னா சொன்னாரு?”

“சின்னவ கையால இனிமே எனக்குச் சோறு கெடைக்குமான்னாரு. அவரு மொகத்த வச்சிகினு உன் முன்னாடி எப்டி நிப்பாரு சொல்லு. வெக்கம் அவருக்குத்தான்.”

சாபம் என்று நான் பயந்து முப்பது மந்திரம் சொன்னது அந்தக் கிழவரின் வெட்கத்துக்கு. ஆனால் அந்த வெட்கத்தை உண்டாக்கியது நான்தானே? இதற்கு மந்திரம் எத்தனை என்று சாமியாரிடம் மறுபடி போய்க் கேட்கத் துணிச்சல் வரவில்லை.

மறுநாள் மத்தியானம் சோற்றுத் தூக்கை நானே எடுத்துக்கொண்டேன். மாமனார் மோட்டார் கொட்டகை நிழலில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். தூக்கை வைத்தேன். மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கி வந்திருந்தேன்.

“மாமா, சோறு.”

“வச்சிட்டுப் போம்மா.”

நகர்ந்தேன். நாலடி வைப்பதற்குள் குரல் வந்தது. “புள்ளைக்குக் கட்டி ஒடஞ்சிச்சா?”

“ஒடஞ்சிச்சி மாமா. ஆறிகினு வருது.”

“மாம்பழம் குடுக்காத.”

அவ்வளவுதான் பேச்சு. அடுத்த குருத்து ஞாயிறுக்கு இன்னும் பத்து மாதம் இருந்தது. அந்தப் பத்து மாதமும் அவருக்கு இருமல் வந்தால் எனக்குப் பயம். அதற்குள் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பேரைக் கூப்பிட யார் இருப்பார்கள்? மிளகுக் கஷாயம் போட்டுப் போட்டுக் கொடுத்தேன். மருமகள் திருந்திவிட்டாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதில் பாதி பிள்ளைக்கான கஷாயம் என்பது எனக்குத் தெரியும்.

குருத்து ஞாயிறு வந்தது. சிலுவை பின்ன எனக்கு வரவில்லை. அக்கா பின்னிக் கொடுக்க வந்தார். வேண்டாம், பெற்றவள் கைதான் என்று சொல்லி நானே பின்னினேன். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு கழனிக்குப் போனேன். மாமனார் முன்னால் நடந்தார். பாப்பா கழனியைத் தாண்டினார். பெரியப்பன் கழனியைத் தாண்டினார். பனைமரங்கள்வரைக்கும் போய்க் கடைமடையில் நின்றார். ஏரித் தண்ணீர் எல்லாருக்கும் பாய்ந்து கடைசியாக வருகிற கழனி அது. ஒரு மூலையில் களர் பூத்து வெள்ளையாகத் தெரிந்தது.

கடைசி அடிமை என்ற வரி எனக்கு ஞாபகம் வந்தது. இதற்கா இத்தனை வருஷம் என்றும் தோன்றியது. தூரத்தில் மதகோரம் அக்கா நட்ட சிலுவை நேராக நின்றது.

“இது எங்கப்பன் எம்பேர்ல கூப்புட்டது” என்றார் மாமனார். “எம்பேரச் சொல்லிக் கூப்புட இப்ப ஆளு இல்ல. இவன் பேரு இருக்கட்டும்.”

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி நட்டேன். சிலுவை சாய்ந்தது. மறுபடி அழுத்தி நட்டேன். மறுநாள் விடியும்போது பால் பொங்குவதற்கு முன்னால் கிணற்றடியிலிருந்து கேட்டது: “பாப்பா கழனிக்குப் பாஞ்சிச்சா? தம்பி கழனிக்கு?” காது குளிர்ந்தது. முதலில் எந்தப் பேர் என்பதையும் அதே காது கவனித்தது.

இப்போது என் மகனுக்கு ஐந்து வயது முடியப் போகிறது. போன வாரம் மதகு திறந்த அன்று அவனைக் கழனிக்குக் கூட்டிப் போயிருந்தேன். பாப்பா கழனியில் தண்ணீர் பளபளவென்று ஏறிக்கொண்டிருந்தது. எங்களுடையதில் வெடிப்பு அப்படியே இருந்தது. அவன் வரப்பில் நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “அக்காவுக்கு மட்டும் மதகடி. எனக்குக் கடைசியா?”

அந்த வார்த்தைகளை நான் ஒரு நாளும் அவன் காதுபடச் சொன்னதில்லை. மனத்துக்குள் சொல்லியிருக்கிறேன், பல வருஷமாக, இதே வரிசையில்.

களை பிடுங்கிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார். “இன்னாடா, அப்டியே உங்கம்மாவாட்டம் பேசற?” என்று சிரித்தார். அப்படியானால் அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, முதலிலிருந்தே.

பாப்பா மண்வெட்டியோடு மடைக்கு ஓடினாள். “வாடா, நம்ம தொறந்து வுடலாம்.” அவன் என் முகத்தைப் பார்த்தான், போகலாமா என்று. என் முகத்தில் என்ன இருந்ததோ, அவன் நகரவில்லை.

“போ” என்றேன். “அக்காகூட போ.”

போனான். இரண்டு பேரும் குனிந்து மடைச் சேற்றை வாரினார்கள். நான் கடைமடை வரப்பில் போய் நின்றேன்.

“அம்மா, வருதா?” என்று அங்கிருந்து கத்தினான்.

வாய்க்கால் இன்னும் காய்ந்துதான் கிடந்தது.

“வருது” என்றேன்.